சாலை, வயல், சமயம்

சேலம் கோட்டைச் சாலையில் ஒரு சிறிய கோவில். தலைவெட்டி முனியப்பன் கோவில் என்றே ஊரார் தலைமுறை தலைமுறையாக அதனை அழைத்து வந்தனர். உள்ளே இருந்த கற்சிலையோ தாமரை இருக்கையில் கால்களை மடக்கி அமர்ந்து, மடிமீது கைகளை வைத்துத் தியானத்தில் ஆழ்ந்த தோற்றம் உடையது. முனியப்பன் என்றாலே முறுக்கிய மீசையும் ஓங்கிய அரிவாளும் கிடாவெட்டும் நினைவுக்கு வரும் நம் பகுதியில், இத்துணைச் சாந்தமான முனியப்பன் எங்கிருந்து வந்தார் என்று எவரும் பெரிதாகக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. 2011ஆம் ஆண்டில் அது புத்தர் சிலை என்று கோரி வழக்குத் தொடரப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றம் தமிழகத் தொல்லியல் துறையை ஆராயப் பணித்தது. அது புத்தர் உருவமே என்று துறை அறிக்கை தந்தது. 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. சிலையைத் தொல்லியல் துறை பொறுப்பேற்க வேண்டும். புத்தர் சிலை என்று அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். மக்கள் வந்து காணலாம், பூசைகள் கூடா என்றது நீதிமன்றம்.

நம்மில் பலர் அச்செய்தியை நாளிதழில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்போம். எனக்கு மட்டும் அது நெடுநாள் மனத்தில் கிடந்தது. ஒரு சமயம் தன் பெயரை முற்றிலும் இழந்து, தன் தலைவரின் உருவத்தை மட்டும் ஊருக்கு விட்டுச் செல்வது எங்ஙனம் நேர்கிறது? புத்தரைச் சாக்கிய முனி என்பதும் மரபு. அந்த 'முனி' என்னும் சொல்தான் முனியப்பனாக மிஞ்சியதோ என்று எண்ணிப் பார்க்கிறேன். அது என் ஊகமே, வரலாறன்று.

சமயங்கள் ஏன் வளர்கின்றன, ஏன் தேய்கின்றன என்று கேட்டால் விசுவாசிகளாகிய நாம் உடனே சொல்லும் விடை ஒன்று உண்டு. உண்மை வெல்லும், பொய் வீழும். அந்த ஒரு விடையைக் கைவிளக்காகக் கொண்டு சேலம், நாமக்கல் சமவெளியின் ஈராயிரமாண்டு வரலாற்றுக்குள் நுழைந்தால் சில அடிகளிலேயே தடுக்கி விழுவோம். மாறாக, எல்லாம் வயிற்றுப்பாடே, சமயம் என்பது பொருளாதாரத்தின் நிழலே என்பாரும் உளர். அவர்களும் வெகுதூரம் போக முடியாது என்பதைப் பின்னர்க் காண்போம். முதலில் சாலையைப் பார்க்கலாம்.

கடற்கரைச் சமவெளியிலிருந்து கொங்கு நாட்டுக்குள் வருவோருக்கு ஆத்தூர்க் கணவாய் இயற்கை அமைத்த வாயில். ஒரு புறம் கல்வராயன் மலை, மறுபுறம் பச்சைமலை. இடையே வசிட்ட நதி. அந்த வழியில், தலைவாசலை அடுத்த தியாகனூரில், பெரிய புத்தர் சிலைகள் இரண்டு இன்றும் உள்ளன. இவை வயற்காட்டு ஊரில் கிடைத்தது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அது ஒரு காலத்தில் வழியோர ஊர் என்று எண்ணிப் பார்த்தால் விந்தை குறையும். மேற்கே கஞ்சமலையின் இரும்பு, தெற்கே சேரரின் கருவூர், கிழக்கே கடல். பண்டமும் பொன்னும் சென்ற வழிகளில் துறவியரும் சென்றனர்.

பரமத்தி வேலூருக்கு எதிரே, காவிரியின் தென்கரையில் புகளூர். அங்குள்ள ஆறுநாட்டார் மலையின் குகைத் தளங்களில் கி.பி. இரண்டு, மூன்றாம் நூற்றாண்டளவில் பொறிக்கப்பெற்ற தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. சமண முனிவர் ஒருவருக்காகச் சேர இளவரசன் பட்டம் பெற்ற வேளையில் குகையுள் படுக்கை வெட்டுவித்தான் என்கின்றன அவை. அரசனுக்கு அருகிலேயே வேறு சிலருடைய பெயர்களும் உள்ளன. கருவூரைச் சேர்ந்த பொன் வணிகன் ஒருவன். எண்ணெய் வணிகன் ஒருவன். மதுரைக்கு அண்மையிலுள்ள அழகர்மலையிலும் இதே கதைதான்: உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் எனக் கடைத்தெருவே கல்லில் நிற்கிறது. 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் கண்டறியப்பட்ட கல்வெட்டோ, தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த பாளியைச் சொல்கிறது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்ததாக நாம் பள்ளியில் படித்த அதே அதியமான். அசோகனின் பாறைக் கட்டளை குறிக்கும் சத்தியபுத்திரர் குடியினன் என்று அக்கல்வெட்டால் உறுதிப்பட்டவன்.

வணிகனுக்கும் சமண முனிவருக்கும் என்ன உறவு? உழும் கலப்பை மண்ணிலுள்ள உயிர்களைக் கொல்லும் என்று கருதிய சமயம் உழவனைவிட வணிகனுக்கே இசைவாக இருந்தது. முனிவர் ஓரிடத்தில் தங்காது நடப்பவர். மழைக்காலம் மட்டும் தங்க இடம் வேண்டும். வணிகனும் நடப்பவன், அவனுக்குக் கள்வர் பயம் உண்டு, கணக்கு உண்டு, முன்பின் அறியாத ஊரில் சொன்ன சொல் நம்பப்பட வேண்டிய தேவையும் உண்டு. பொய்யாமை, களவாமை, எழுத்தறிவு ஆகியவற்றைப் போற்றிய ஒரு சமயம் அத்தகையோருக்கு வெறும் மறுமைத் துணை மட்டுமன்று. இதனால் அவர்களது பத்தி போலி என்றாகாது. பொன்னை மண்ணில் புதைத்து வைக்காமல் கல்லில் படுக்கை வெட்டுவதற்குச் செலவிட்டவனின் உள்ளத்தை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

ஆனால் சாலை வற்றியது. உரோமைப் பேரரசோடு நடந்த கடல் வாணிபம் மூன்றாம் நூற்றாண்டுக்குப்பின் மெலிந்தது. ஆறாம் நூற்றாண்டு தொட்டுப் பல்லவரும் பாண்டியரும் எழுந்தபோது அரசின் வருவாய் சுங்கத்தைவிட நெல்லில் மிகுதியாக நின்றது. ஏரி வெட்டுதல், ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரித்தல், காடு திருத்துதல், பிரமதேயம் வழங்குதல் ஆகியவையே அரச காரியங்கள் ஆயின. இப்புதிய உலகின் நடுவில் நின்றது கோவில். அதனை வெறும் வழிபாட்டிடம் என்று எண்ணினால் கல்வெட்டுகள் நம்மைத் திருத்தும். கோவிலுக்கு நிலம் வந்தது; நிலத்தை உழக் குடிகள் வந்தனர்; பொன் முதலாக வைக்கப்பட்டு வட்டியில் பூசை நடந்தது. விளக்கெரிக்க இடையரிடம் ஆடுகள் விடப்பட்டன. சாவா மூவாப் பேராடு என்று அவற்றைக் கல்வெட்டுகள் அழைக்கும், அதாவது முதல் குறையாத ஆடு. குயவர், வாணியர், பூத்தொடுப்போர், மேளம் முழக்குவோர் யாவருக்கும் அங்கே பங்கு இருந்தது. சமணப் பள்ளிகளும் பள்ளிச்சந்தம் என்ற பெயரில் இறையிலி நிலம் பெற்றவைதாம். எனினும் ஊர் முழுவதையும் தன் அன்றாடத்துக்குள் சுழல வைக்கும் ஆற்றல் துறவியர் பள்ளிக்கு இருந்ததில்லை. அத்துடன் நாயன்மாரும் ஆழ்வார்களும் பாடியது இம்மண்ணின் மொழியில், இம்மண்ணின் ஊர்ப்பெயர்களைச் சொல்லி. ஏழாம் நூற்றாண்டிலேயே திருச்செங்கோட்டு மலை பதிகம் பெற்றுவிட்டது. பாட்டின் வெம்மையை எந்தப் பொருளாதாரக் கணக்காலும் முழுமையாக விளக்க முடியாது. ஆனால் அப்பாட்டு ஒலிப்பதற்கு மண்டபம் கட்டித் தந்தது நெல்.

இந்த மாற்றத்தைக் கண்ணால் காண விரும்புவோர் நாமக்கல்லுக்குப் போகலாம். ஒரே பாறை, அதன் இரு புறமும் குடைவரைகள் இரண்டு. ஒன்றில் நரசிம்மர், மற்றொன்றில் பாம்பணையில் துயிலும் அரங்கநாதர். எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவற்றைக் குடைவித்தவர் அதியர் குல மன்னர். கல்வெட்டில் அக்கோவிலின் பெயரே அதியேந்திர விஷ்ணு கிருகம் என்பது. ஜம்பையில் பாளி அளித்த குடி, நாமக்கல்லில் திருமாலுக்குக் கோவில் எடுக்கிறது. இடையே ஏழு நூற்றாண்டுகள். அதே காலத்தில் பாண்டியன் நெடுஞ்சடையன் அதியனைக் காவிரிக்கரைப் போர்களில் வென்றதாகச் சீவரமங்கலச் செப்பேடு கூறுகிறது. அப்போர்க்களங்களுள் ஒன்றின் பெயர் புகளியூர். சமண முனிவர் படுத்துறங்கிய பாறை நிற்கும் அதே புகளூர்ப் பக்கம்! வென்ற பாண்டியன் தீவிர வைணவன். தோற்ற அதியனும் திருமால் பத்தனே. போரில் எதிரெதிரே நின்ற இருவரும் ஒரே சமயத்தின் மொழியில் தங்கள் அரசுரிமையைப் பேசினர் என்றால், அந்தச் சமயம் அப்போது அரசியலின் பொது நாணயமாகிவிட்டது என்று பொருள்.

சமணம் ஒரே இரவில் மறைந்துவிடவும் இல்லை. எண்ணாயிரவர் கழுவேற்றம் போன்ற கதைகளையே வரலாறாகக் கொண்டிருப்போர் கி.பி. 893ஐச் சேர்ந்த தருமபுரிக் கல்வெட்டைப் பார்க்க வேண்டும். நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், தகடூரில் வணிகச் சகோதரர் இருவர் சமண வசதி ஒன்றைக் கட்டி ஊர்க்கொடையும் பெற்றுத் தந்தனர். மீண்டும் வணிகர்! கொங்கு நாட்டின் மேல்பகுதி கன்னட நாட்டு வழிகளோடு பிணைந்திருந்தவரை, சமணரைப் போற்றிய கங்க மன்னரின் நிழல் இங்கு நீண்டிருந்தவரை, விஜயமங்கலம் போன்ற ஊர்களில் சமணம் தழைத்தது. 1004ஆம் ஆண்டளவில் சோழர் தலைக்காட்டைக் கைப்பற்றிக் கங்கர் ஆட்சியை முடித்தனர். அரண் சாய்ந்ததும் கொடி தரையில் படர்ந்தது; பின் மெல்ல உலர்ந்தது.

நம் திருச்சபையின் வரலாற்றிலேயே இதற்கு ஓர் இணை உண்டு. அதைச் சொல்லாமல் சமணத்தின் தேய்வை மட்டும் பேசுவது நேர்மையாகாது. புனித அகுஸ்தீன் ஆயராக இருந்த ஹிப்போ நகரம் வட ஆப்பிரிக்காவில் இருந்தது. அவர் 430இல் இறந்தபோது அந்நாட்டில் நூற்றுக்கணக்கான ஆயர்கள் இருந்தனர். சில நூற்றாண்டுகளில் அந்தத் திருச்சபை ஏறத்தாழச் சுவடின்றி மறைந்தது. அதே அரபுப் படையெடுப்பைச் சந்தித்த எகிப்தின் கோப்தியத் திருச்சபையோ இன்றும் வாழ்கிறது. இதற்கு வரலாற்றாசிரியர் பலர் கூறும் காரணங்களுள் ஒன்று கவனிக்கத்தக்கது. ஆப்பிரிக்கத் திருச்சபை இலத்தீன் பேசிய நகரங்களையும் நிலப்பிரபுக்களையும் பெரிதும் சார்ந்து நின்றது. நகரங்கள் நலிந்து செல்வர் கடல் கடந்து போனபோது தாங்குவாரில்லை. கோப்தியத் திருச்சபை நைல் கரையின் உழவர் மொழியில், உழவர் குடிசையில் வேரூன்றியிருந்தது. அகுஸ்தீனின் ஞானத்தில் குறையிருந்ததால் அவரது திருச்சபை மறையவில்லை. உண்மை வெல்லும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்போர் ஹிப்போவுக்கு என்ன விடை சொல்வார்கள்?

இந்தக் கேள்வியோடு நம் வீட்டுக்கு வருவோம். தத்துவ போதகர் என்று நாம் போற்றும் இராபர்ட் தெ நொபிலி 1623இல் மதுரையை விட்டு வடக்கே நடந்தார். அவரது வழிமுறை பற்றிய நெடிய சச்சரவுக்கு அவ்வாண்டுத் தொடக்கத்தில்தான் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியாரின் ஆணை சாதகமாக வந்திருந்தது. சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். அங்கிருந்து சேலம் சென்றார். நொபிலியாரின் கணக்கு எளிமையானது. தலைமை திரும்பினால் குடி திரும்பும். அந்தக் காலத்துக்கு அது தவறான கணக்குமன்று. தாரமங்கலத்தில் கெட்டி முதலியார்கள் எழுப்பிய கயிலாசநாதர் கோவிலைப் பார்த்தால், ஒரு பாளையக்காரனின் மனம் சாய்ந்த பக்கம் எத்துணைக் கல்லும் உழைப்பும் சாயும் என்பது விளங்கும்.

ஆனால் நடந்தது வேறு. 1625ஐ ஒட்டி அவரிடம் திருமுழுக்குப் பெற்ற அரச குடும்பத்தவரான திருமங்கல நாயக்கர், ஆட்சியுரிமையை உடன்பிறந்தவரிடம் இழந்து நின்றவர். அரியணையில் இருந்தவர் கேட்டார், மதித்தார், திரும்பவில்லை. அரியணையை இழந்தவர் திரும்பினார். இழந்தவருக்கு நற்செய்தி நன்கு கேட்கிறது என்பது உண்மைதான். ஆனால் அவருடைய மனமாற்றத்தால் ஒரு நாடு திரும்புவதற்கு வழியில்லை. நொபிலியார் பெரிதும் நம்பிய மேல்தட்டைவிட, அவர் அருகே அமர்த்திக்கொள்ள அஞ்சிய எளிய குடிகளிலிருந்தே மதுரை மிஷன் பெருகியது. 1640இல் பல்தசார் த கோஸ்தா பண்டாரசாமியாக வேடம் பூண்டது இதனை உணர்ந்ததன் விளைவே. ஒரே மறையைப் போதிக்க இருவகைக் குருக்கள், இருவகை உடை, இருவகை நடை. சமூகத்தின் பொருளாதாரப் படிக்கட்டு அப்படியே பீடத்தருகே வந்து நின்றது. அதன் சில படிகள் நம் ஆலயங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் இருபதாம் நூற்றாண்டிலும் பெயர்க்கப்படாமல் இருந்ததை நாம் அறிவோம்.

பின்னர் வந்த சோதனை ஐரோப்பாவில் விளைந்தது. இலிஸ்பன், பாரிஸ், மத்ரீத் அரசவைகள் தங்கள் ஆதிக்கத்தின் குறுக்கே இயேசு சபை நிற்பதாகக் கருதின. போர்த்துக்கல் 1759இல் சபையினரை விரட்டியது. அரசர்களின் நெருக்குதலுக்குப் பணிந்து 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து சபையையே கலைத்தார். அங்கே ஓர் அமைச்சன் கையெழுத்திட இங்கே காவிரிக்கரைக் கிறித்தவன் குருவின்றி நின்றான். அதே ஆண்டுகளில் ஐதரும் ஆங்கிலேயரும் நாமக்கல் கோட்டையை மாறி மாறிப் பிடித்துக்கொண்டிருந்தனர். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாரமகாலும் கும்பினிக்கு வந்தன. கேப்டன் ரீடும் அவருக்குத் துணையாய் இருந்த மன்றோவும் நிலத்தை அளந்து, ஒவ்வொரு உழவனிடமும் நேரடியாகத் தீர்வை தண்டும் இரயத்துவாரி முறையை இங்குதான் உருப்படுத்தினர். அதன்பின் ஊருக்கும் அரசுக்கும் இடையே பழைய பாளையக்காரன் இல்லை. அரசன் திரும்பினால் குடி திரும்பும் என்ற நொபிலியாரின் கணக்குக்கு அத்தோடு இடமும் இல்லை.

மைசூர், கொங்குப் பகுதிகளில் முப்பதாண்டு பணியாற்றிய பாரிஸ் வேதபோதக சபைக் குரு துபுவா, தாயகம் திரும்பியபின் 1823இல் ஒரு நூல் வெளியிட்டார். இந்துக்களைக் கிறித்தவராக்கும் காலம் கடந்துவிட்டது, இனி நம்பிக்கை இல்லை என்பதே அதன் சாரம். கண்டதைக் கண்டபடி எழுதிய நேர்மையாளர் அவர். மந்தை சுருங்கியிருந்தது, குருக்கள் கைவிரலில் எண்ணத்தக்கவர், ஆதரிக்க அரசில்லை. பொருளும் அரசியலும் மட்டுமே சமயத்தைத் தீர்மானிக்கும் என்றால் அவர் சொன்னதே நடந்து முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆண்டுக்கொருமுறை வரும் குருவுக்காகக் காத்திருந்த ஊர்களில் உபதேசியார் செபம் சொல்லிக் கொடுத்தார்; தாய்மார் பிள்ளைகளுக்கு அதைக் கற்பித்தனர்; சாகுந்தருவாயில் வீட்டாரே திருமுழுக்குக் கொடுத்தனர். அவர்களுக்கு இதனால் ஒரு காசு வருவாயில்லை. இங்கேதான் பொருளாதார விளக்கம் கையை விரிக்கிறது. ஜப்பானில் 1614இன் தடைக்குப்பின் இரண்டரை நூற்றாண்டு குருவே இல்லாமல் மறைந்து வாழ்ந்து, 1865இல் நாகசாகியில் தங்களை வெளிப்படுத்திக்கொண்ட கிறித்தவரைப் பற்றி வியந்து பேசும் நாம், நம் ஊர் உபதேசியார்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

துபுவாவின் தீர்ப்பை மாற்றி எழுதியது பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் அன்றைய பெரிய சேலம் மாவட்டம் பட்ட பாட்டைக் குடிக்கணக்கே சொல்லும். 1871இல் சுமார் 19.67 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1881இல் சுமார் 16 இலட்சம். பத்தாண்டில் பெருகியிருக்க வேண்டியது மூன்றரை இலட்சத்துக்கு மேல் குறைந்தது. அப்போது சேலத்துக்கு இரயில் இருந்தது; தானியமும் நகர்ந்தது; வாங்கக் காசுதான் இல்லை. சிக்கனத்துக்குப் பேர்போன சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோருக்குத் தானியப்படியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டாகக் குறைத்தார். இந்நிலையில் கஞ்சித்தொட்டிகளையும் அநாதை இல்லங்களையும் திறந்த மிஷன்களை நோக்கி மக்கள் வந்தனர். கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து வேறுபாடின்றிச் சென்னை மாகாணமெங்கும் அந்த ஆண்டுகளில் திருமுழுக்குகள் பல்லாயிரமாகப் பெருகின.

சோற்றுக்காக வந்தவர்கள் என்று அவர்களை அன்றே ஏளனம் செய்தனர், இன்றும் செய்கின்றனர். அதனைக் கேட்டு நாம் கூனிக் குறுக வேண்டியதில்லை. ஆந்திரத்தின் ஓங்கோலில் பாப்டிஸ்து போதகர் கிளாவ் நிவாரணப் பணி நடந்த காலமெல்லாம் திருமுழுக்குக் கொடுக்க மறுத்தார். கஞ்சி நின்றபின், 1878 ஜூலை 3ஆம் நாள் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்குப் பெற்றனர். கஞ்சிதான் காரணமென்றால் கஞ்சி நின்றதும் அவர்கள் போயிருக்க வேண்டும். பஞ்சம் அவர்களுக்குக் காட்டியது வேறொன்று. பண்ணையார் கதவை அடைத்த நாளில், ஊரின் தேவதைகளுக்கு வரி கொடுத்தும் ஊருக்குள் நுழைய முடியாதிருந்த நாளில், யாரோ ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அன்று கோவிலைச் சுற்றிச் சுழன்ற நெல்லின் உலகம் தன்னை உழுதவர்களை மதிலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது. அந்த வெளியிலிருந்துதான் நம் பங்குகளுள் பல எழுந்தன. 1930 மே 26இல் கும்பகோணம், மைசூர், புதுவை மறைமாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்துச் சேலம் மறைமாவட்டம் அமைந்தபோது, ஆயர் ப்ருனியே பொறுப்பேற்ற மந்தையில் பெரும்பாலோர் நிலமற்றவரும் சிறு உழவருமே.

நிலத்துக்கு மேல் அரசின் தேவை எழும்போது எல்லாச் சமயமும் ஒன்றே என்பதற்கும் இம்மாவட்டத்திலேயே ஒரு காட்சி உண்டு. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணைக்காகக் காவிரிக்கரை ஊர்கள் காலி செய்யப்பட்டன. நீர்மட்டம் மிகத் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடி பக்கம் சலகண்டேசுவரர் கோவில் நந்தியும், நாயம்பாடிக் கிறித்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரங்களும் தலைகாட்டுகின்றன. தஞ்சைக்கு நெல் விளைய இங்கே நந்தியும் சிலுவையும் சேர்ந்தே மூழ்கின.

ஆயினும் இவையெல்லாம் கடந்தவை. இன்றும் நம் நடுவே ஒரு சமயத்தின் எண்ணிக்கையைப் பொருளும் அரசியலும் எழுதுகின்றன என்பதற்கு 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையைக் காட்டலாம். இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது அதன் மூன்றாம் பத்தி. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் திறக்கவில்லை. செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர் தொடுத்த சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985இல் அவருக்கு இணங்கவில்லை. இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் தன் அறிக்கையில் அந்தப் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் நடுவணரசு முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையத்தை அமைத்தது. 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கொன்றில், கிறித்தவ நெறியைப் பின்பற்றிக்கொண்டே வேலைக்காக இந்து என்று உரிமை கோருவது அரசமைப்பின்மீது செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. மதம் மாறிய பட்டியல் சாதியினரைத் தமிழக அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்தது. ஆனால் சேரியில் வீடு மாறவில்லை, தெருக்குழாய் மாறவில்லை, அடி வாங்கும் முதுகும் மாறவில்லை.

தலைவெட்டி முனியப்பன் வழக்கைத் தொடுத்தோர் ஒரு புத்தர் அறக்கட்டளையினர் என்பதை இங்கே நினைவு கூரலாம். அம்பேத்கர் 1956இல் நாகபுரியில் புத்தத்தைத் தழுவியபின் எழுந்த அலையில்தான் நம் பகுதியின் பழைய புத்தர் சிலைகள் மீண்டும் பெயர் பெற்றன. வணிகச் சாத்து போட்ட பாதையில் வந்து மறைந்த சமயம், சாதிக்கெதிரான அரசியலின் பாதையில் திரும்பி வந்தது. ஆயிரமாண்டுகளுக்கு முன்பு அதற்கிருந்த துறவியர் இல்லை. ஆனால் வழக்குத் தொடுக்க ஆளிருந்தது.

என்னோடு பள்ளியில் படித்த நண்பர் ஒருவர் நாமக்கல் பக்கத்தவர். திருமுழுக்கு ஏட்டில் அவருக்கு ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் ஒரு பெயர். வேலையில் இருந்த முப்பதாண்டும் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவார். ஆனால் கோவிலின் கடைசித் தூணுக்கு அப்பால் நிற்பார், பங்கின் எந்தப் பட்டியலிலும் பெயர் சேர்க்க விடமாட்டார். பாஸ்கு நாளன்று ஒளிப்படம் எடுப்போர் வந்தால் மெல்லப் பின்னால் நகர்வார். பொய் சொல்கிறாரே என்று நான் ஒருகாலத்தில் மனத்துக்குள் அவரைக் குறை கூறியதுண்டு. அவர் வீட்டில் மூன்று தங்கைகள் இருந்தனர். அவர் சம்பளத்தில்தான் மூவருக்கும் திருமணம் நடந்தது. ஓய்வுபெற்ற அடுத்த ஞாயிறு அவர் வந்து முதல் வரிசையில் அமர்ந்தார். வாசகம் வாசிக்கத் தமக்கு ஒரு முறை வேண்டுமென்று பங்குத் தந்தையிடம் கேட்டிருக்கிறார். அறிவிப்புத் தாளில் என்ன பெயர் போடுவது என்று தந்தை கேட்டபோது, நெடுநேரம் யோசித்துவிட்டு, திருமுழுக்கு ஏட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்றாராம்.